கொழுப்பு மரபணுக்களும் லிடியாவின் ஞாயிற்றுக்கிழமைகளும்

1

என் வலது நுரையீரலின் மேல் மடல் இல்லாமல் நான் வாழத் தொடங்கி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பிறந்தநாள், கல்யாண நாள் மாதிரி இதற்கும் ஒரு பெயர் இருக்குமோ என்னவோ. காலையில் எழுந்ததும் என் மனைவி புஷ்பா ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்து, என் முதுகுத் தழும்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். அதுதான் கொண்டாட்டம்.

நாங்கள் நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் இருக்கிறோம். இங்கே மழை பெய்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. மலையும் கடலும் வீடுகளும் ஒரே ஈரத்துணியில் சுற்றி வைத்தது போலிருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எது நினைவு, எது கண்முன்னால் நடப்பது என்று கொஞ்ச நேரத்தில் பிரிக்கத் தெரியாமல் போகும்.

ஊரப்பாக்கத்தில் என்னைச் சாமுவேல் என்றால் தெரியும். செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். இங்கே என் பெயர் மாசிலாமணி. பாஸ்போர்ட்டில் யாரோ ஒரு குமாஸ்தா என் பெயரை அப்பா பெயர் இருக்க வேண்டிய கட்டத்திலும், அப்பா பெயரை என் பெயர் இருக்க வேண்டிய கட்டத்திலும் போட்டுவிட்டார். திருத்தலாம் என்று ஆரம்பத்தில் அலைந்தேன். ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. அது முதல் அலுவலகத்தையே காட்டியது. விட்டுவிட்டேன். கழனி வேலை செய்து, செங்கல்பட்டைத் தாண்டாமலே இறந்துபோன என் அப்பா, இப்படித்தான் இருபது வருடமாக நார்வேயில் ஒரு கப்பல்பட்டறையில் வேலை செய்துவருகிறார்.

பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் அந்தப் புள்ளி தெரிந்தது. நான் பீடி, சிகரெட் தொட்டதில்லை. அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏதோ நீதிமன்றத்தில் நிற்பவன் போல. புகைக்காதவர்களுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னார்.

என் அக்கா ரோஸிக்குப் போன் செய்தேன். அப்பா, அம்மாவுக்குப் பிறகு ஊரில் எனக்கு அவள்தான்.

"நெஞ்சுலயா? இன்னாடா, டி.பி.யா?"

"இல்லக்கா. கேன்சராம். சின்னதாத்தான் கீதாம். அறுத்து எடுத்துடுவாங்களாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அக்கா அதை அணைக்கவில்லை. மறுபடியும் அடித்தது.

"நாஸ்தா துன்னியா?" என்றாள்.

2

அறுவைக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இருபது வருடம் ஆனாலும் என் நார்வேஜிய மொழி பட்டறை மொழிதான். இரும்பு, கம்பி, காப்பி இடைவேளை என்றால் பேசுவேன். டாக்டர்கள் பேசும்போது பாதியில் கரைந்துபோகும். புஷ்பாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை நாள். அதனால் மகளை அழைத்துக்கொண்டு போனேன்.

லிடியாவுக்கு இருபத்து மூன்று வயது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பெர்கனிலேயே வேறு மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், எங்கள் பிறந்தநாளுக்கு வருவாள், ஒரு மணி நேரம் இருப்பாள். சண்டையெல்லாம் இல்லை. கயிறு அவிழ்ந்த படகு மாதிரி, சத்தமில்லாமல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

இங்கர் என்ற ஆராய்ச்சி டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டார். புற்றணுக்களுக்குப் பசி அதிகமாம். வளர்வதற்குக் கொழுப்பு வேண்டும். சில கட்டிகள் தாங்களே கொழுப்பை ஆக்கிக்கொள்ளும், சில அதை எரித்துப் பிழைக்கும். அதையெல்லாம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஒரு கட்டியில் அதிகமாக வேலை செய்யும், இன்னொன்றில் அடங்கியிருக்கும். அதை அளந்து கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து, யார் நீண்ட நாள் இருப்பார்கள், யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள்.

நான் விழித்தேன். லிடியா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எங்க ஸ்டூடியோல மிக்ஸிங் போர்டு கீதுல்ல? ஒவ்வொரு பாட்டுக்காரனுக்கும் ஒரு ஸ்லைடர். ஒருத்தன் சத்தமா, ஒருத்தன் மெதுவா. எல்லாம் சேந்து ஒரே சத்தமா வெளிய வரும். அத அளக்கறாங்க."

அவள் தமிழ் ஒரு தனி ரகம். வீட்டில் எங்களிடம் செங்கல்பட்டுத் தமிழ். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும்.

இங்கர் கடைசியாக ஒன்று சொன்னார். இது ஆராய்ச்சிதான், இதை வைத்து உங்கள் வைத்தியம் மாறாது. எண்ணை வைத்து எல்லாரையும் இரண்டு கூட்டமாகப் பிரிப்போம், ஆபத்து அதிகம், ஆபத்து குறைவு என்று. கூட்டத்தைப் பற்றி எங்களால் ஓரளவு சொல்ல முடியும், ஓர் ஆளைப் பற்றி முடியாது. ஆனாலும் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ள விருப்பமா?

"வேண்டாம்" என்றேன். அந்தச் சொல் எனக்கு நார்வேஜிய மொழியில் சட்டென்று வந்தது.

"எனக்குச் சொல்லலாமா?" என்றாள் லிடியா.

இங்கர் என்னைப் பார்த்தார். நான் சொன்னால்தான் உண்டு. லிடியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் பொம்மைக் கடை வாசலில் நிற்பாளே, அப்படி. பல வருடங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்கிறாள். அதற்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை.

"அவளுக்குச் சொல்லுங்கள். அவள் எனக்குச் சொல்லக் கூடாது" என்றேன்.

லிஃப்டில் இறங்கும்போது லிடியா "ஃபெட்" என்று முணுமுணுத்தாள். இந்த ஊர் மொழியில் கொழுப்புக்கு அதுதான் சொல். இளசுகள் அதையே 'அட்டகாசம்' என்ற பொருளிலும் சொல்லும். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் இதை விளக்கப் பார்த்தேன். "என் கட்டில கொழுப்பு எவ்ளோ கீதுன்னு பாக்கப் போறாங்கக்கா."

"அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரத்துல மிஷினு? உனுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு இந்த ஊரப்பாக்கத்துக்கே தெரியுமேடா" என்றாள் அக்கா. சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று போனில் தெரியவில்லை.

3

அறுவை முடிந்து வலிமருந்து ஏறிய நாட்களில் நான் எங்கெங்கோ இருந்தேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் பெர்கன் மழை பெய்தது. செங்கல்பட்டு மின்ரயில் ஈரமாக, விளக்கெல்லாம் எரிய வந்து நின்றது. உள்ளே நார்வேஜியக் குரலில் ஒரு பெண், அடுத்தது கூடுவாஞ்சேரி என்றாள். அந்தப் பெயரை அவள் தப்பில்லாமல் சொன்னதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"மாசிலாமணி, ஆழமா மூச்சு விடுங்க" என்று நர்ஸ் தோளைத் தட்டுவாள். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், அவர் இங்கே எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்ப்பேன். கட்டில் பக்கத்தில் சேறு படிந்த காலோடு அவர் நின்றிருப்பார். மூச்சு விட வேண்டியது நானா அவரா என்று புரியாமல் இருவரும் சேர்ந்து விடுவோம். கனவுதான். ஆனால் அந்தச் சேற்றின் வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

4

பிப்ரவரியில் ஒருநாள் இங்கர் லிடியாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் லிடியா, நனைந்த தலையோடு, கையில் ஒரு கட்டு வெங்காயத்தாளோடு நிற்கிறாள்.

"இன்னாடி, யாருக்குப் பொறந்தநாளு?" என்றாள் புஷ்பா.

"யாருக்கும் இல்ல. பசிக்குது."

சாப்பிட்டாள். போகவில்லை. சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த மீன்பிடி நிகழ்ச்சியைப் பார்த்தாள். பொழுது சாய்ந்தபிறகுதான் கிளம்பினாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். கோழிக்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டாள். தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டாள். "சும்மா கதைப்பம் அப்பா" என்பாள்.

புஷ்பாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஞாயிறு விடிந்தால் மூன்று தட்டு எடுத்து வைப்பாள், பாட்டுப் பாடிக்கொண்டு.

எனக்கோ அந்த மூன்றாவது தட்டைப் பார்க்கவே பயம். இங்கர் சொல்லியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். இல்லாவிட்டால் இந்தப் பெண் ஏன் வருகிறது? சாகப் போகிறவன் வீட்டுக்குத்தான் இப்படி வருவார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை நாள் என்ற கணக்கு அந்தக் கண்ணுக்குள் ஓடுவதாக நினைத்தேன்.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கிழிந்த மழை பூட்ஸுக்குப் பதில் புதிதாக வாங்கப் போய், கடை வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டேன். எதற்கு என்று தோன்றியது. காருக்குச் சக்கரம் மாற்றப் புஷ்பாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஹீட்டரில் எந்தக் குமிழை எப்போது திருப்புவது என்று காட்டினேன்.

"இன்னா, எங்கனா போகப் போறீங்களா?" என்றாள்.

"எங்கயும் இல்ல. தெரிஞ்சி வெச்சிக்கோ."

 அவள் கையில் இருந்த ஸ்பானரை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, லிடியா வாயில் சோற்றோடு சொன்னாள்: "ஈஸ்டருக்கு ஊருக்குப் போலாமா? மூணு பேரும்?" எட்டு வருடமாக ஊர் என்றாலே ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தவள். எனக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. அக்காவை நான் கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைக்கிறாள்.

5

லிடியாவின் விசாவுக்குள் எங்கள் பெயர்ச் சிக்கல் புகுந்தது. மகளின் குடும்பப் பெயர் சாமுவேல், அப்பாவின் பெயர் மாசிலாமணி, அப்படியானால் சாமுவேல் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று எழுதினேன். மாசிலாமணி யார் என்று கேட்டார்கள். அதுவும் நான்தான் என்று எழுத வேண்டியிருந்தது. கடைசி வாரத்தில் எப்படியோ கிடைத்தது.

ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் அவள் ஓடிவந்து என் நெஞ்சில் கை வைத்தாள், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் என்று நினைத்தவள் போல.

"இளைச்சிட்டியேடா. வூட்ல சோறு போடறாளா இல்லியா இவ?" என்று புஷ்பாவையும் ஒரு பிடி பிடித்தாள்.

லிடியா போய்க் கட்டிக்கொண்டாள். "அத்த, உங்களோட நிறையக் கதைக்கணும்."

"கதையா? எனுக்கு இன்னா கத தெரியும்? மாமாவக் கேளு, அவரு நல்லா வுடுவாரு" என்றாள் அக்கா.

மாமா தனசேகர், அக்காவின் கணவர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் உதாரணம். "டாக்டருங்க சொல்றதுலாம் உடு மச்சான். நாங்க எம்மாங் கடல உள்ள இழுக்கறோம், கொஞ்சந்தான் நல்ல தண்ணியா வெளிய வருது. எந்தச் சொட்டு எதுல போவும்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். அவர் என்னைத் தேற்றுகிறாரா, அல்லது நிலையத்தைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை விடவில்லையா என்று தெரியவில்லை.

கோயிலில் ஈஸ்டர் பாட்டு முடிந்து வரும்போது அக்கா லிடியாவைத் தனியாக ஓரங்கட்டியதைப் பார்த்தேன். மாதுளை மரத்தடியில் இருவரும் நின்றார்கள். அக்கா ஏதோ கேட்டாள். லிடியா தலையசைத்தாள். ஆம் என்றா இல்லை என்றா? ஊரில் வளர்ந்த பிள்ளைகள் போல அவளுக்குத் தலையசைக்கத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அசைவு. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

6

மறுநாள் மாமா ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்தார். மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். இடப்பக்கம் சவுக்குத் தோப்பும் அதற்குள் வந்து வந்து மறையும் கடலும். கடப்பாக்கத்தில் இறங்கி, ஆலம்பறைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர்களைத் தாண்டினால் கழிமுகம். அந்தப் பக்கம் மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல். புஷ்பாவும் அக்காவும் நிழலில் சோற்றுப் பாத்திரத்தைப் பிரித்தார்கள். மாமா ஒரு படகுக்காரரிடம் பேசி எங்களை ஏற்றினார்.

"அண்ணாத்த, அந்த மணல்மேட்டாண்ட வுட்டுடு. பொண்ணு பட்டணத்துல இருந்து வந்துகீது, சத்தம் புடிக்கணுமாம்."

"இன்னா சத்தம்?"

"தண்ணி சத்தம்."

படகுக்காரர் லிடியாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று மோட்டாரை அணைத்துவிட்டுக் கழியால் தள்ள ஆரம்பித்தார்.

மணல்மேட்டில் மாமாவும் படகுக்காரரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். லிடியா சின்ன ஒலிப்பதிவுக் கருவியைத் தண்ணீரின் விளிம்பில் பிடித்துக் குந்தியிருந்தாள். கழிமுகத் தண்ணீர் கடலுக்குள் போகும் இடம். அலை வந்து அதைத் திருப்பித் தள்ளும், மறுபடியும் அது போகும். வெயில் எல்லாவற்றின் ஓரத்தையும் அழித்துவிட்டிருந்தது. இப்படியே உட்கார்ந்தபடி போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில்தான் கேட்டேன்.

"லிடியா, எனக்கு எவ்ளோ நாள் கீது?"

"இரு அப்பா, ரெக்கார்டு ஓடுது" என்றாள். பிறகுதான் நான் கேட்டது அவளுக்கு ஏறியது. கருவியை அணைத்தாள்.

"இன்னா சொன்ன?"

"இங்கர் உன்கிட்ட சொன்னாங்கல்ல. எனக்குத் தெரியும். நீ ஞாயித்துக்கிழம வர ஆரம்பிச்சப்பவே தெரியும். சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அவள் மணலில் உட்கார்ந்தாள்.  விரலால் மணலில் ஒரு நீளமான கோடு போட்டாள்.

"எல்லாரையும் நம்பர் படி வரிசையா நிக்க வெச்சாங்க. நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆபத்து அதிகம். அந்தப் பக்கம் கொறவு. அவ்ளோதான் அப்பா."

"நான்?"

"நீ கோட்டு மேலயே கீற."

"மேலன்னா? எந்தப் பக்கம்?"

"ஏதாவது ஒரு பக்கம் போட்டுத்தான் ஆவணும்னு கம்ப்யூட்டர் ஒண்ணு போட்டுது. திரும்ப அளந்தா மாறிப் போவும்னு இங்கரே சொன்னாங்க. அந்தப் பேர நான் சொல்ல மாட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல."

எங்கள் பட்டறை ஞாபகம் வந்தது. வெல்டிங் பற்றவைப்புக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகளை அளப்பதுதான் என் வேலை. இவ்வளவு வரை தேறும், அதற்கு மேல் தேறாது என்று ஒரு கோடு உண்டு. கோட்டின்மேல் சரியாக விழும் தகடுகள் வரும். அவற்றை எத்தனை முறை திருப்பித் திருப்பி அளந்தாலும் மனம் ஒப்பாது. அவையும் கப்பலோடு போகும். கடலில் அவற்றுக்கு என்ன ஆனது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அப்ப இன்னாத்துக்கு வாராவாரம் வந்த?" என்றேன். என் குரல் கோபமாக வந்தது. "நான் சாகப் போறேன்னு நெனச்சிகினு கீறேன். ஒரு பூட்ஸ்கூட வாங்கல."

லிடியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கொறவுன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன் அப்பா. அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்திருப்பேன். அதிகம்னு சொல்லியிருந்தா, பயத்துல வந்திருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். இது ரெண்டும் இல்லாமப் போச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கல. பஸ்ல ஏறினேன், உங்க ஸ்டாப்புல எறங்கினேன். அவ்ளோதான்."

"அத்தகிட்ட இன்னா சொன்ன? அவ அழுதாளே?"

"பாட்டுல பாட்டி ஞாபகம் வந்துதாம். எனக்குப் பாட்டிய ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், தையல் போட்ட பக்கம் இழுத்தது. வலியோடு சிரித்தேன். அவள் அழுதுகொண்டே என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு வருடத்துக்குப் பிறகு அந்தக் கை.

"இன்னா மச்சான், இன்னா சிரிப்பு?" என்று மாமா அங்கிருந்து கத்தினார்.

"ஒண்ணும் இல்ல மாமா!"

"ஒண்ணும் இல்லன்னா கெளம்பு. தண்ணி வத்துது, அப்புறம் படகு மணல்ல குந்திக்கும்!"

நால்வரும் சேர்ந்து படகைத் தள்ளினோம். என்னைத் தள்ள வேண்டாம் என்று லிடியா சொன்னாள். நானும் தள்ளினேன்.

7

இதெல்லாம் ஏப்ரலில். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். இப்போதைக்கு என்ற சொல்லை இங்கே அழுத்தாமல்தான் சொல்வார்கள். நானும் அழுத்திக் கேட்கவில்லை. வரும் வழியில் கடையில் நுழைந்து பூட்ஸ் வாங்கினேன். நல்ல தடித்த அடி. ரொம்ப நாள் உழைக்கும் என்றான் கடைக்காரன்.

லிடியாவுக்குச் சேதி அனுப்பினேன். ஒரு பெரிய சிரித்த முகம் பதிலாக வந்தது.

போன வார ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. ஏதோ இசைக்குழு, ஏதோ பதிவு. அந்தக் குழுவில் பாடுகிற பையன் ஒருவன் பெயர் இரண்டு முறை பேச்சில் அடிபட்டது. நேற்று ஞாயிறும் மத்தியானம் வரை பார்த்தோம். பிறகு போனில் ஒரு வரி: 'அப்பா, இண்டைக்கு ஏலாது. அடுத்த கிழமை பார்ப்பம்.'

புஷ்பா முகம் சுண்டிப்போய் மூன்றாவது தட்டைத் திருப்பி அலமாரியில் வைத்தாள்.

"பாத்தீங்களா? பழையபடி ஆரம்பிச்சிட்டா. நாம இருக்கறமா செத்தமான்னு இல்ல."

நான் அந்த வரியை இன்னொருமுறை படித்தேன். அடுத்த வாரம் நான் இருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யோசித்துக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள்.

"அவ பங்கையும் எனக்கே போடு" என்றேன்.

புஷ்பா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு போட்டாள். கோழிக்குழம்பு காரமாக இருந்தது. வெளியே மழை. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.